சித்திரை வெயிலில் வளர்ந்த பிள்ளைகள்

தாராபுரத்தில் கோடைக்கு இரண்டு முகம் உண்டு. அலங்கியம், கொளிஞ்சிவாடி என்று ராஜவாய்க்கால் பாயும் ஆற்றங்கரை ஊர்களில் நெல் அறுத்த வயலும் தென்னை நிழலுமாக இருக்கும். குண்டடம், மூலனூர் என்று மேட்டுக்காட்டுப் பக்கம் போனால் கிணற்றுத் தண்ணீர் அடிமட்டத்துக்கு இறங்கி, மண் வெளுத்து, வேலமரத்தடியில் செம்மறிகள் தலையைக் கவிழ்த்து ஒண்டி நிற்கும். 1980களில் பள்ளிக்கூடம் போன எனக்கு இந்த இரண்டு கோடையும் கிடைத்தன. எங்கள் வீடு ஊருக்குள். அம்மா பிறந்த தோட்டம் குண்டடத்துப் பக்கம். ஏப்ரல் கடைசியில் முழுப் பரீட்சை முடிந்தால், ஜூன் முதல் தேதி பள்ளி திறக்கும்வரை இந்த இரண்டுக்கும் நடுவே டவுன் பஸ்ஸில் போய் வந்துகொண்டிருப்போம்.

இப்போது நான் வேலை பார்க்கும் பள்ளியில் ஏப்ரல் பிறந்தாலே தாய்மார்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "லீவு முச்சூடும் இவன வெச்சுட்டு என்னங்க டீச்சர் பண்றது?" கேட்கிறவர்களில் பலர் விடிகாலையில் கம்பெனி வண்டி ஏறி, இருட்டிய பிறகு வந்து இறங்குகிறவர்கள். அவர்களுக்கு ஏதாவது பதில் சொல்ல வேண்டும் என்றுதான் என் பழைய கோடைகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் கோடைகளில் பிள்ளைகளை வளர்த்தெடுத்ததும் இருந்தது. சில பிள்ளைகளை எங்களிடமிருந்து பறித்துக்கொண்டு போனதும் இருந்தது.

தோட்டத்துக்குப் போனதும் முதல் வேலை புளி. பங்குனியில் உலுக்கிய புளி சித்திரையில் வாசல் நிறையக் காய்ந்து கிடக்கும். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கல்லின்மேல் வைத்து இரும்புத் துண்டால் ஒரு தட்டுத் தட்டினால் கொட்டை தெறித்து விழும். அம்மாவின் அம்மாவான அம்மிச்சி, அத்தைமார், அக்கம்பக்கத்துப் பெண்கள் எல்லாரும் தாழ்வாரத்தில் வட்டமாக உட்கார்ந்திருப்பார்கள், நடுவில் நாங்கள். ஊர்க்கதை, கல்யாணக்கதை, யார் வீட்டில் என்ன சண்டை என்பது முழுக்க அந்த வட்டத்தில்தான் எங்கள் காதில் விழும். விரல் நுனியெல்லாம் பழுப்பேறி, எச்சில் தொட்டால் புளிக்கும்.

கொட்டையில் நல்லதாகப் பார்த்து நான்கைத் தனியே எடுத்து வைப்போம். கல்லில் ஒரு பக்கத்தை மட்டும் உரசினால் கறுப்புத் தோல் தேய்ந்து உள்ளே வெள்ளை தெரியும். உரசும்போது கொட்டை சூடேறும். அந்தச் சூட்டைப் பக்கத்தில் இருப்பவன் கையில் வைத்து அலற விடுவது தனி விளையாட்டு. அந்த நான்கும்தான் தாயக்கட்டை. நான்கும் வெள்ளையாக விழுந்தால் நான்கு, நான்கும் கறுப்பாக விழுந்தால் எட்டு. மத்தியானம் வெயில் தாழும்வரை திண்ணையில் கரிக்கோட்டுக் கட்டங்களுக்குள் வெட்டும் குத்துமாகக் கிடப்போம். பெரியவர்களும் சேர்ந்து ஆடுவார்கள். சின்னப்பிள்ளை என்று யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். தோற்றால் தோற்றதுதான்.

வெயில் இறங்கியதும் கொறங்காடு. வெளியூர்க்காரர்களுக்குத் தரிசு நிலம் மாதிரி தெரியும். உண்மையில் அது தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்த மேய்ச்சல் காடு. சுற்றிலும் முள்கிளுவை உயிர்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரம். காங்கேயம் மாடு இந்த வறண்ட பூமியில் இன்றுவரை நிலைத்திருப்பது இந்தக் காடுகளின் புண்ணியம். கோடையில் புல் காய்ந்து சருகாகிவிட்டாலும் வெள்வேலங்காய் முதிர்ந்து உதிரும். கொக்கிக் கோலால் கிளையை உலுக்குவது எங்கள் வேலை. காய் விழும் சத்தத்துக்கே ஆடுகள் காடு முழுவதும் இருந்து ஓடி வரும். பொழுது சாயப் பட்டியில் அடைக்கும்போது அம்மாவின் அப்பாவான அப்புச்சி எண்ணிக்கை கேட்பார். நாங்கள் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருக்கும்போதே, "அந்தக் காதறுந்தவளக் காணமே, வேலியோரம் போய்ப் பாரு கண்ணு" என்பார். அவருக்கு ஆடுகள் எண்ணிக்கையாகத் தெரியவில்லை. ஒவ்வொன்றும் முகமாகத் தெரிந்தது. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிற நான் இன்றைக்கும் அந்தக் கண்ணைப் பழகிக்கொண்டுதான் இருக்கிறேன்.

நீச்சலைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்துத் தோட்டக் கிணறு என்பது பாறையை வெட்டி இறக்கிய பெரிய சதுரம். சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கல்படிகளில்தான் இறங்க வேண்டும், கைப்பிடி கிடையாது. கோடையில் தண்ணீர் ஆழத்தில் கிடக்கும். மேலே அனல் அடிக்கும்போது கீழே இறங்க இறங்கக் குளிர் ஏறும், பாசி வாடை வரும், நாம் பேசுவது நமக்கே திரும்பக் கேட்கும். அப்புச்சி முதல் நாள் தண்ணீருக்கு அனுப்பமாட்டார். படியில் இறங்கி ஏறப் பழகு என்பார். அது பழகிய பிறகு முதுகில் காய்ந்த சுரைப்புருடையைக் கட்டி, இடுப்பில் வடக்கயிற்றைச் சுற்றி, மறுமுனையைத் தன் கையில் வைத்துக்கொண்டு கடைசிப் படியில் நிற்பார்.

"காலை அடி கண்ணு. கையத் தண்ணிக்குள்ள உட்டுத் தள்ளு. நானிருக்கறனல்லோ."

"அப்புச்சி, போதுமுங்க, மூக்குல தண்ணி போவுதுங்க."

"போனா போவுது. இன்னொருக்கா சுத்தி வா."

போகப் போகச் சுரைப்புருடை சின்னதாகும். கயிற்றின் பிடி தளரும். ஒருநாள் கிணற்றின் எதிர்ச்சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால் கயிறு தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கும்; அப்புச்சி கையைக் கட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்திருப்பார். பயம் போனதென்று அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது.

பெண்பிள்ளைகளுக்கு இது எளிதில் கிடைக்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். பையன்கள் கிணற்றுமேட்டிலிருந்து தொப்பென்று குதித்துக்கொண்டிருக்கும்போது எங்களில் பெரும்பாலோருக்குக் கோடை என்றால் பாத்திரம் கழுவுவதும் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வதும்தான். "பொட்டப்புள்ளைக்கு என்னத்துக்கு இதெல்லாம்" என்று அம்மிச்சி தடுத்தார். "தண்ணிக்குப் பையன், பொண்ணுன்னு தெரியுமா?" என்று அப்புச்சி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். அவர் அப்படிச் சொல்லியிருக்காவிட்டால் நான் நீச்சல் கற்றிருக்க மாட்டேன். என் வயதுப் பெண்கள் எத்தனையோ பேர் கிணறு இருக்கும் தோட்டத்திலேயே பிறந்து வளர்ந்தும் தண்ணீரைக் கண்டு பயந்தே வாழ்கிறார்கள்.

சித்திரையில் கண்ணபுரம் தேர் வரும். ஓலப்பாளையம் பக்கத்துச் சின்ன ஊர். மாரியம்மன் நோம்பியை ஒட்டிக் கூடும் மாட்டுத்தாவணிக்குக் காங்கேயம் மாடுகள் எங்கெங்கிருந்தோ வந்து இறங்கும். அப்புச்சி பேரன்களோடு பேத்தியான என்னையும் கூட்டிப் போவார். மாட்டின் வாயைத் திறந்து பல் பார்க்க அங்கேதான் கற்றேன். இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைமுளைப்பு என்று வயதுக் கணக்கு. கன்று பிறக்கும்போது செவலையாக இருக்கும், ஆறு மாதத்தில் நிறம் மாறி மயிலையாகும் என்று சொன்னால் நகரத்துப் பிள்ளைகள் நம்புவதில்லை. தரகர்கள் துண்டுக்குள் கையை விட்டு விரலைப் பிடித்து விலை பேசுவார்கள். சுற்றி நிற்கும் யாருக்கும் தெரியாது. அப்புச்சி பிறகு கேட்பார்: "அந்த மயிலைக்காள என்ன வெலைக்குப் போயிருக்கும்? சொல்லு பார்ப்போம்." நாங்கள் ஆளுக்கொரு விலை சொல்வோம். ஏன் அந்த விலை என்று காரணமும் சொல்ல வேண்டும். திமிலைப் பார்த்தாயா, சுழி பார்த்தாயா, நடையைப் பார்த்தாயா என்று மறுகேள்வி வரும். பதிலைவிடக் காரணத்தைக் கேட்கிற அந்தப் பழக்கம் எனக்கு ஆசிரியப் பயிற்சிக்கு முன்பே அந்தத் தாவணிப் புழுதியில் கிடைத்தது.

ஊர்ப் பக்கம் இருந்தால் அமராவதி ஆறு. அமராவதி அணை 1957ல் கட்டியது. கோடையில் குடிதண்ணீருக்குத் திறந்தால்தான் தாராபுரத்தில் தண்ணீர் ஓடும். மற்ற நாளில் மணல். கையால் தோண்டினால் ஊற்றுச் சுரக்கும், கலங்கல் தெளியக் காத்திருந்து குடிப்போம். அந்த மணல் இப்போது இல்லை.

வைகாசி பிறக்கும் முன்னே காற்று வந்துவிடும். பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் புகுந்து உடுமலை, தாராபுரம் என்று வீசும் காற்று இது. காற்று வந்ததும் பனையோலைக்கு ஓடுவோம். ஒரு விரல் அகலத்துக்கு இரண்டு ஓலையைக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்றைப் பின்னி நான்கு இறக்கை விட்டு, நடுவில் கருவேல முள்ளைக் குத்திச் சோளத்தட்டின் நுனியில் செருகினால் காத்தாடி. முள் இறுக்கமாக இருந்தால் சுற்றாது, தளர்வாக இருந்தால் பிய்த்துக்கொண்டு போய்விடும். எத்தனையோ ஓலை கிழிந்த பிறகுதான் அந்த அளவு கைக்குப் பிடிபடும். யாரும் சொல்லித் தர முடியாத அளவு அது. இன்று அதே மேட்டுக்காட்டில் வரிசையாகக் காற்றாலைகள் நிற்கின்றன. அவற்றின் கீழே ஓலைக் காத்தாடியோடு ஓடும் பிள்ளையை நான் பார்த்து வெகுகாலமாயிற்று.

நுங்கும் தெளுவும், நுங்குக் கூந்தலில் செய்த வண்டியும், மாரியம்மன் நோம்பியில் கம்பம் நட்டு ராத்திரி முழுக்கச் சுற்றி ஆடியதும் என்று சொல்லிக்கொண்டே போகலாம். கயிற்றுக் கட்டிலில் படுத்து, பாண்டவர்கள் மறைந்து வாழ்ந்த விராடபுரம் நம் தாராபுரம்தான் என்று அப்புச்சி சொன்ன கதையைக் கேட்டதும் அந்தக் காற்றில்தான். புத்தகத்துக்குக் கிளை நூலகம் இருந்தது. சுதந்திர இந்தியாவில் முதலாவதாகப் பொது நூலகச் சட்டத்தை 1948ல் கொண்டுவந்த மாநிலம் நம்முடையது. அதன் பலன் எங்கள் ஊர்ப் பெஞ்சு வரை வந்து சேர்ந்தது. அம்புலிமாமாவும் கோகுலமும் பல கை பட்டுக் கந்தலாகி இருக்கும். 1984ல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்த பிறகு பையன்கள் அதற்குக் காசு சேர்க்க ஆரம்பித்தார்கள். வேப்பங்கொட்டை பொறுக்கி விற்ற காசு.

இனிச் சொல்ல வேண்டியது கசப்பான பகுதி.

ஏழாம் வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரி. அந்த ஆண்டு முழுப் பரீட்சை முடிந்ததும் அவள் அக்காவோடு திருப்பூருக்குப் போனாள். "லீவுக்கு மட்டும்" என்றுதான் சொல்லிவிட்டுப் போனாள். அப்போது திருப்பூர் வேகமாக வளர்ந்துகொண்டிருந்தது. 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வாங்க ஆரம்பித்து, 1980களில் ஏற்றுமதி பெருகி, எத்தனை கை வந்தாலும் போதாத நிலை. சின்னக் கைகளுக்கென்றே வேலை இருந்தது. தைக்கிற டெய்லருக்குத் துணியை எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்கும் கைமடி வேலை. பிசிறு வெட்டும் வேலை. காலையில் உட்கார்ந்தால் ஒன்றரை ஷிப்டு முடியும்வரை எழுந்திருக்க முடியாது. சனிக்கிழமை சம்பளம்.

ஜூனில் பள்ளி திறந்தபோது அவள் இடம் காலியாக இருந்தது. வாத்தியார் வருகைப் பதிவில் அவள் பெயரைக் கொஞ்ச நாள் கூப்பிட்டார். பிறகு கூப்பிடுவதை நிறுத்தினார். ஆவணியில் ஊர் நோம்பிக்கு வந்தவளைப் பார்த்தேன். புதுப் பாவாடை, கையில் கடிகாரம். ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கத்தரி பிடித்துக் காய்த்திருந்தன. "நீ எந்தப் பாடம் வரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டாள். நான் சொன்னேன். அவள் வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அவள் வீட்டைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மழை பொய்த்த ஆண்டு அது. மானாவாரிக் காடு எதுவும் தரவில்லை. சனிக்கிழமைச் சம்பளம் அந்த வீட்டு அடுப்பை எரித்தது. ஆனால் கோடை விடுமுறை என்ற திறந்த கதவின் வழியாகத்தான் அவளைப் போன்றவர்கள் பள்ளியை விட்டு வெளியே போனார்கள் என்பதை நான் கண்ணால் பார்த்தேன். தாராபுரம் திருப்பூர் மாவட்டத்தோடு சேர்ந்தது 2009ல். அதுவரை நாங்கள் ஈரோட்டுக்காரர்கள், அதற்கு முன்னால் பெரியார் மாவட்டம் என்று பெயர். பனியன் கம்பெனி எங்களை அதற்கு வெகுகாலம் முன்பே சேர்த்துக்கொண்டுவிட்டது.

குழந்தைத் தொழிலாளர் சட்டம் 1986ல் வந்தது. 1990களில் வெளிநாட்டில் வாங்குகிறவர்களும் சின்னப்பிள்ளைகள் வேலை செய்யும் இடத்தில் சரக்கு எடுக்கமாட்டோம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். பெரிய கம்பெனிகளின் நிலை மாறியது. அது எனக்கு நிம்மதி. 2016ல் சட்டத்தைத் திருத்தி, 14 வயதுக்குட்பட்ட யாரையும் எந்த வேலைக்கும் வைக்கக்கூடாது என்றார்கள். அதே திருத்தத்தில், பள்ளி நேரம் போகவும் விடுமுறையிலும் சொந்தக் குடும்பத்துக்கு உதவலாம் என்று ஒரு வழியும் விட்டார்கள். புளி தட்டுவதும் ஆடு அடைப்பதும் அதில் அடங்கும், எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்குள் மூட்டை மூட்டையாகப் பீஸ் வந்து இறங்கி, பீஸுக்கு இவ்வளவு என்று பிசிறு வெட்டுவதும் குடும்ப வேலை என்றே சொல்லப்படும். புளி வட்டத்தில் நான் எழுந்து ஓடினால் யாரும் தடுக்கவில்லை. பீஸ் கணக்கு பிள்ளையை எழுந்து ஓட விடாது. லீவில் பிள்ளைக்கு ஏதாவது வேலை கொடுக்கலாமா என்று கேட்கும் பெற்றோரிடம் நான் இதைத்தான் சொல்கிறேன்: எழுந்து ஓடக்கூடிய வேலையாக இருந்தால் கொடுங்கள்.

இப்போதைய பிள்ளைகளின் நிலை வேறு. அம்மா அப்பா இருவரும் கம்பெனிக்குப் போன பிறகு வெளியே பூட்டிய வீட்டுக்குள் செல்போனோடு இருக்கிற பிள்ளைகளை எனக்குத் தெரியும். பூட்டுவது அன்பில்லாமல் அல்ல. ஆற்றுக்குப் போய்விடுவானோ, கிணற்றில் விழுந்துவிடுவானோ என்ற பயத்தால். அந்தப் பயம் நியாயமானது. மணல் எடுத்த குழி எங்கே இருக்கிறதென்று ஆற்றில் இறங்கிய பிறகுதான் தெரிகிறது. ஒவ்வொரு கோடையிலும் தமிழ்நாட்டில் எங்காவது தண்ணீரில் பிள்ளைகள் போன செய்தி வருகிறது. வசதி உள்ளவர்கள் கோடை முகாமில் சேர்க்கிறார்கள். அபாகஸ், கராத்தே, ஓவியம் என்று நேரத்தைப் பங்குபோட்டுத் தருகிறார்கள். அதில் தப்பில்லை. ஆனால் அங்கேயும் மணி அடிக்கிறது. மணி அடிக்காத மத்தியானம் ஒன்று பிள்ளைக்கு வேண்டும். கூடவே பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு.

அதனால் என்னிடம் கேட்கும் தாய்மார்களுக்கு நான் சொல்வது இது. ஊரில் அப்புச்சி, அம்மிச்சி, அப்பாரு, ஆத்தா யாராவது இருந்தால் பத்து நாளாவது அங்கே விடுங்கள். செல்போனை இங்கேயே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கிளை நூலகத்தில் பிள்ளை பெயரில் உறுப்பினர் அட்டை வாங்குங்கள். அதற்கு ஆகும் செலவு ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டைவிடக் குறைவு. கம்பெனி நடத்துகிறவர்களுக்கும் ஒன்று சொல்வேன். உங்கள் வண்டி வந்து ஆளேற்றும் ஊர்களில் மே மாதம் மட்டும் ஒரு சமுதாயக் கூடத்தில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால், மெஷினருகே நிற்கும் தாய்க்குப் பாதி பாரம் குறையும். ஊராட்சித் தலைவர்களே, கிணறு வைத்திருக்கும் தோட்டக்காரர்களே, அடுத்த ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கிறது. நீச்சல் சொல்லித்தரத் தெரிந்த பெரியவர் உங்கள் ஊரில் கட்டாயம் ஒருவராவது இருப்பார். பையன்களுக்கும் பெண்பிள்ளைகளுக்கும் சேர்த்துச் சொல்லித் தரும்படி இப்போதே அவரிடம் போய்க் கேட்டு வையுங்கள்.